பத்தொன்பது வருடம் ஃபுல் டாஸ் போட்டவன்

அன்றைக்கு அந்த பேஸ்பால் மைதானத்தில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். பயிற்சிக்கான வலைக் கூண்டுக்குள் மட்டையோடு நின்ற ஆட்டக்காரர் ரமோன். கூண்டுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் பேட்டிங் கோச் வால்ட். அவர் பக்கத்தில், பெரிய அணியின் ஆபீஸிலிருந்து வந்திருந்த ஒருவர், டெக்ஸஸ் வெயிலிலும் சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையாமல். தூரத்தில் பந்து பொறுக்க இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள். புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மைதானக்காரர். பக்கவாட்டில், மூன்றாவது வரிசை நாற்காலியில், நைட் ஷிஃப்ட் முடிந்து நர்ஸ் உடுப்போடு தூங்கி வழிந்துகொண்டிருந்த என் மனைவி செல்வி. எட்டாவது ஆள் நான், பந்து எறிபவன்.

இதை இவ்வளவு கணக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு "நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்களை எல்லாம் உட்கார வைத்தால் அந்த மைதானம் நிரம்பிவிடும். அதில் ஒருவர் அந்த வருடம் அமெரிக்காவுக்கே வந்திருக்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடும் சாஃப்ட்வேர் பிள்ளைகள். பந்து எறிய ஒரு புது மெஷின் வந்திருக்கிறது. திரையில் ஒரு ஆள் ஓடி வந்து கையை வீசுகிறான், அவன் விரல் இருக்கும் இடத்திலிருந்து நிஜப் பந்து வருகிறது. அதன் வீடியோவைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க ஒரு காலத்துல புரொஃபஷனல் பேஸ்பால் பிட்சராமே, உங்க எக்ஸ்பீரியன்ஸை எழுதுங்க" என்றார்கள். அந்த மெஷின் வந்ததால்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்து மூன்று நாள் தூங்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை வந்தால் மலர்க்குழு என்ன நினைக்கும், எழுதாவிட்டால் என்ன நினைக்கும், இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பிட்சர் என்றால் பந்து எறிபவர். மட்டைக்காரர் அடிக்க முடியாதபடி எறிவது அவர் தொழில். என் தொழில் அதற்கு நேர் எதிர். ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் பயிற்சியில், எங்கள் அணிக்காரர்களுக்கே, அவர்கள் அடிக்க வசதியாக எறிந்து கொடுப்பது. பத்தொன்பது வருடத்தில் நான் ஒருவரைக்கூட அவுட் ஆக்கியதில்லை. ஆக்கியிருந்தால் வேலை போயிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் வந்தது, அதனால் புரொஃபஷனல். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்துத் தமிழர்களில் இந்த வேலைக்கு நான்தான் முதல் ஆள். கடைசி ஆளும் நானாகத்தான் இருப்பேன். போட்டி இல்லாத துறை.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஃபுல் டாஸ். தரையில் குத்தாமல் நேராக மட்டைக்குப் போகிற பந்து. ஊரில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டில் நான் ஒரு ஃபுல் டாஸ் போட்டால் கேப்டன் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவான். இங்கே நாளைக்கு நானூறு ஃபுல் டாஸ் போட்டேன், டாக்ஸ் பிடித்துக்கொண்டு சம்பளம் கொடுத்தார்கள்.

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு சாயப்பட்டறை, பிறகு லோடு வண்டி, நடுவில் சனி ஞாயிறு கிரிக்கெட். செல்வி நர்ஸிங் படித்தவள். அவள் என்னை ஏன் கட்டிக்கொண்டாள் என்று அவள் வீட்டில் இன்னும் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலையும் கிரீன் கார்டும் சேர்ந்தே கிடைத்தன. நான் அவள் பெட்டிகளோடு வந்து இறங்கினேன். ரவுண்ட் ராக்கில் வீடு. சுற்றி எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனி. பிறந்தநாள் பார்ட்டிக்குப் போனால், "எந்த டீம்ல இருக்கீங்க?" என்று கேட்பார்கள். "பேஸ்பால் டீம்ல" என்பேன். சிரித்துவிட்டு, "இல்ல, சீரியஸா" என்பார்கள். அதற்கு மேல் நான் சமோசாவைப் பார்க்கப் போய்விடுவேன்.

வீட்டிலிருந்து ஒரு மணி நேர டிரைவில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு அணி. பெயரைச் சொல்லப்போவதில்லை, அணியே இப்போது இல்லை. பெரிய அணி ஒன்று ஆட்களைப் பழக்கி மேலே ஏற்றுகிற ஏணியில், அதற்குக் கீழே நாலாவது படியில் இருந்தது. முதல் இரண்டு வருடம் அங்கே நாற்காலி துடைத்தேன். மக்காச்சோளப் பொரி, வெண்ணெய், பபுள் கம் மூன்றையும் ஒரே துணியில் துடைக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் மொத்தப் படிப்பு. ஒரு நாள் மதியம், மைதானத்தில் சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கி, குனிந்து குனிந்து முதுகு வலித்ததால் நின்ற இடத்திலிருந்தே கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்த வால்ட் கேட்டார்:

"எத்தனை வெளியில விழுந்துச்சு?"

திட்டப் போகிறார் என்று நினைத்து, "ஸாரி சார், ரெண்டு" என்றேன்.

"மொத்தம்?"

"நாப்பது இருக்கும் சார்."

"நாளைக்கு ஒரு மணிக்கு வா. துணி வேண்டாம்."

துணி வேண்டாம் என்றால் என்ன துணி என்று ஒரு ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டேன். துடைக்கிற துணியைச் சொல்லியிருக்கிறார்.

வால்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர். பெருவிரல் இரண்டும் எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்தவை. அவர் மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. என்னிடம் பேசும்போது என் மணிக்கட்டைப் பார்ப்பார், மட்டைக்காரரிடம் பேசும்போது முழங்காலைப் பார்ப்பார். அவர் மனைவி ஒரு முறை மைதானத்துக்கு வந்திருந்தார். அவரிடம் பேசும்போது எதைப் பார்க்கிறார் என்று கவனித்தேன். கார் சாவியைப் பார்த்தார். வாயில் எந்நேரமும் உப்புப் போட்ட சூரியகாந்தி விதை. கையில் காகிதக் கப். நான் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் அவர் வாயிலிருந்து ஒரு விதைத் தோல் கப்பில் விழும். பந்து, மட்டைச் சத்தம், தோல். அந்த வரிசையில் தோல் விழவில்லை என்றால் நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறேன் என்று அர்த்தம்.

அவரிடம் இரண்டு வார்த்தைதான். பந்து சரியாகப் போனால் "ஸேம்." போகாவிட்டால் "டிஃபரென்ட்." பத்தொன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு முழுவதும் அந்த முதல் வார்த்தைதான். யோசித்தால் அதுதான் வேலையும். மட்டைக்காரருக்குத் தன் மட்டை வீச்சில் எங்கே கோளாறு என்று தெரிய வேண்டுமானால், வருகிற பந்து ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தராசுத் தட்டில் நான் படிக்கல்.

முறை இதுதான். கூடையில் நூற்றிருபது பந்து. எனக்கும் மட்டைக்காரருக்கும் நடுவே பதினெட்டுத் தப்படி. எனக்கு முன்னால் இரும்புச் சட்டத்தில் கட்டிய வலை. அதன் வலது பக்க மேல் மூலை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்திருக்கும். எறிவதற்கு முன் பந்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். மட்டைக்காரர் தலையசைத்ததும் வெட்டின வழியாகக் கையை வீசி விட்டுவிட்டு, அடுத்த நொடி முழு வலைக்குப் பின்னால் உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் போன பந்து போன வேகத்தைவிட இரண்டு மடங்கில் திரும்பி வரும். முதல் சுற்றில் மெல்லத் தட்டுவார்கள். அடுத்து வலது பக்கமாக ஏழு பந்து அடிப்பார்கள், இடது பக்கமாக ஏழு பந்து. கடைசிச் சுற்றில் அவரவர் இஷ்டம். அப்போது நான் ஷூ நுனிகூட வெளியே தெரியாமல் நிற்பேன்.

இடுப்புக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு கவசம் உண்டு. முதல் நாளே இரண்டு வாங்கினேன். ஒன்றின் மேல் ஒன்று போடலாமா என்று செல்வியிடம் கேட்டேன்.

"அதுக்குள்ளார அப்படி என்னத்த வெச்சிருக்கறீங்க?" என்றாள்.

ஒன்று மட்டும் போட்டுக்கொண்டு போனேன்.

இதில் எனக்கு ஆரம்பத்தில் பெரிய மனக்கஷ்டம் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் முழங்கையை மடக்கி எறிந்தால் எதிர் அணி மொத்தமும் "மாங்கா, மாங்கா" என்று கத்தும். மரத்து மாங்காய்க்குக் கல் விடுகிற மாதிரி என்று கேலி. அந்தப் பந்து செல்லாது. நான் மடக்காமல் போடுகிறவன், அதில் எனக்கு ஒரு கர்வம். இங்கே வந்து பார்த்தால் பேஸ்பால் மொத்தமும் மாங்காய். கோடிக் கணக்கில் சம்பளம் வாங்கும் மாங்காய்கள். பழகிக்கொண்டேன்.

எட்டு வருடம் ஒழுங்காகப் போயிற்று. ஒன்பதாவது வருடம் ஜூலையில் நான் எறிந்த ஒரு பந்து ரமோனின் விலாவில் பட்டது.

ரமோன் மெக்ஸிகோவில் மான்டெரேக்காரர். இருபத்தெட்டு வயது, நாலாவது படிக்கு அது முதியோர் வயது. பந்து பட்ட இடத்தைத் தேய்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு கேவி, முழிப்பு வந்துடுச்சு" என்று சிரித்தார். கதிர்வேல் என்ற என் பெயரை அவர்கள் கேவி ஆக்கியிருந்தார்கள். அவர் சிரித்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்து என் விலாவைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

"விலா எலும்பு உடைஞ்சா நுரையீரல்ல குத்துமா?"

"குத்தலாமுங்க" என்றாள் செல்வி. நர்ஸைக் கட்டிக்கொண்டால் ஆறுதல் பொய் கிடைக்காது.

மறுநாள் கூடையிலிருந்து முதல் பந்தை எடுத்தேன். கையை வீசினேன். எப்போது விட வேண்டும் என்று என் விரல்கள் என்னைக் கேட்டன. ஒன்பது வருடமாக அவை என்னை எதுவும் கேட்டதில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. பந்து என் காலுக்கு முன்னால் விழுந்தது. அடுத்தது கூண்டின் கூரையில். அதற்கு அடுத்தது எங்கே போயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

பேஸ்பாலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. யிப்ஸ். நன்றாக எறிந்துகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று எறிய வராமல் போவது. அந்த வார்த்தையை டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அம்மை போட்ட வீட்டைத் தாண்டிப் போகிற மாதிரி ஆளைச் சுற்றிக்கொண்டு போவார்கள். என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அது தெரிந்ததும், தோள் வலிக்கிறது என்று வால்ட்டிடம் பொய் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "ஐஸ்" என்றார். ஒரு குறையும் இல்லாத தோளுக்குத் தினமும் இருபது நிமிடம் ஐஸ். பதினொரு நாள். கடைசியில் ஜலதோஷம்தான் பிடித்தது.

அந்தப் பதினொரு நாளும் வேறு ஆட்கள் எறிந்தார்கள். ரமோனுக்கு அது ஒத்துவரவில்லை. பயிற்சியிலும் அடி இல்லை, ஆட்டத்திலும் அடி இல்லை. பன்னிரண்டாவது நாள் காலை பெரிய அணியிலிருந்து ஆள் வருகிறார் என்றார்கள். ரமோன், இன்னொரு ஆட்டக்காரர், இந்த இரண்டு பேரில் ஒருவரைச் சாயங்காலத்துக்குள் நீக்க வேண்டும், பதினோரு மணிக்கு ரமோன் அடிப்பதைப் பார்த்துவிட்டு முடிவு.

இங்கே இதைப் படிக்கிறவர்களுக்கு அடுத்ததை விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் விசா போகும். உங்களுக்காவது வேறு வேலை தேட அறுபது நாள் தவணை கொடுப்பார்கள். ரமோனுக்குக் கையில் பஸ் டிக்கெட் கொடுப்பார்கள். ஊரில் அம்மாவுக்குப் பாதி கட்டிய வீடு ஒன்று, கூரை போடாமல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் போட்டோவை லாக்கர் கதவில் ஒட்டியிருந்தார். மற்றவர்கள் பெண்கள் படம் ஒட்டுகிற இடத்தில்.

அன்று காலை என்னைக் காரோட்ட விடாமல் செல்வியே கொண்டுவந்து விட்டாள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்தவள். "நீங்க இருக்கற நெலமைக்கு ஃப்ரீவேல ஓட்ட வேண்டாம்" என்றாள். லாக்கர் அறையில் ரமோன் எனக்காக உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு நீதான் எறியணும்."

"தோள் வலி, ரமோன்."

"உனக்குத் தோள் வலி இல்ல. எல்லாருக்கும் தெரியும்."

"வால்ட்டுக்குமா?"

"அவர்தான் முதல்ல கண்டுபிடிச்சார். ஐஸ் வை, எதையாவது செஞ்சுட்டு இருக்கட்டும்னு சொன்னார்."

"எறிஞ்சா உன் மேலதான் படும். இல்லேன்னா எங்கயாவது போகும். உன் வேலை என் கையில போயிடும்."

"வேற ஆள் எறிஞ்சாலும் போயிடும் கேவி. அவங்க எறியறப்ப ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வருது. எதை நம்பி மட்டையை வீசறது?"

கழிவறைக்குப் போய் வருகிறேன் என்று சொன்னேன். மூன்று முறை போய் வந்தேன்.

பதினோரு மணி. முதல் பந்து தரையில் குத்தியது. இரண்டாவது கூண்டின் கூரை. மூன்றாவது நேராக ரமோனின் ஹெல்மெட்டுக்குப் போயிற்று, அவர் மல்லாக்க விழுந்துதான் தப்பித்தார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் அதே இடத்தில் நின்றார். இஸ்திரிச் சட்டைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வால்ட்டின் கப்பில் ஒரு தோல்கூட விழவில்லை. நாலாவது பந்து கூண்டையே தாண்டி, பக்கவாட்டில் ஏறி, மூன்றாவது வரிசையில் செல்விக்கு இரண்டு நாற்காலி தள்ளி விழுந்தது. அவள் திடுக்கிட்டு எழுந்து, பந்தைப் பார்த்து, என்னைப் பார்த்தாள்.

"டிஃபரென்ட்" என்றார் வால்ட்.

"ஏனுங்க" என்று மேலிருந்து செல்வியின் குரல் வந்தது. ஆஸ்பத்திரியில் அடுத்த வார்டுக்குக் கேட்கிற குரல். "அந்த மாங்காய விட்டுப்போட்டு, ஊருல போடற மாதிரி கையை மடக்காமப் போடுங்க."

"என்ன சொல்றாங்க?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார்.

நான் நின்ற இடத்திலேயே காற்றில் ஒரு முறை கையைச் சுற்றிப் பார்த்தேன். முழங்கையை மடக்காமல், காதை ஒட்டி, மேலிருந்து கீழே. விரல்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. இது அவற்றுக்கு வேறு வேலை, ஒன்பது வருடத்துக்கு முந்தைய வேலை. அதில் விலா கிடையாது, ரமோன் கிடையாது.

ஆனால் வலையின் வெட்டு தோளுக்குப் பக்கவாட்டில் இருந்தது. கையை மடக்காமல் தலைக்கு மேல் சுற்றினால் இரும்புச் சட்டத்தில்தான் இடிக்கும். ஓடி வர மூன்று தப்படி வேறு வேண்டும். அப்படிப் போட வேண்டுமென்றால் வலையை விட்டு வெளியே வந்துதான் போட வேண்டும். ஒன்பது வருடத்தில் அந்த வலைக்கு வெளியே நான் பந்து பொறுக்கக்கூட நின்றதில்லை. குனிந்து ஷூ லேஸ் கட்டுவதைக்கூட அதன் பின்னால் வைத்துத்தான் கட்டுவேன்.

நான் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றதை வால்ட் பார்த்திருக்க வேண்டும். முக்காலியிலிருந்து எழுந்தார். அவர் பயிற்சி நடுவில் எழுந்து நான் பார்த்ததில்லை. கப்பைக் கீழே வைத்தார். கூண்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். அந்த இரும்புச் சட்டத்தைக் கோணல் விரல்களால் பிடித்து, புல்லில் கோடு விழ, நாலு கெஜம் தள்ளி இழுத்துப் போட்டார். திரும்பி நடந்தார். கப்பை எடுத்தார். உட்கார்ந்தார்.

எனக்கு முன்னால் ஒன்றும் இல்லை. பதினெட்டுத் தப்படியில் மட்டையோடு ஒரு ஆள், நடுவில் காற்று. கவசத்தை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டேன். கூச்சப்பட நேரமில்லை.

மூன்று தப்படி ஓடி வந்து போட்டேன். சுத்தமான ஃபுல் டாஸ், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. ரமோன் மட்டையை அசைக்கவில்லை. பந்து வந்த வழியைப் பார்த்தார். இரண்டாவதும் அதே இடம். அதையும் பார்த்தார். மூன்றாவதை அடித்தார். பந்து என் இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தத்தோடு போயிற்று. அது போன பிறகுதான் நான் குனிந்தேன்.

தோல் ஒன்று கப்பில் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. ஒன்று தொடையில் பட்டது, முட்டை அளவு வீங்கிற்று. அடுத்த பந்தை எடுத்தேன். பயம் போயிற்று என்று எழுதினால் அது பொய். ஒவ்வொரு பந்துக்கும் செத்தேன் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு விரல் வரைக்கும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இஸ்திரிக்காரர் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம். இது பிட்சிங்கே இல்லையே. இந்த மாதிரி எந்தப் பிட்சரும் போட மாட்டான். இதை அடிக்கறதை வெச்சு நான் என்ன எழுதறது?"

வால்ட் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட் கொக்கியைப் பார்த்தார்.

"கையைப் பாக்காதீங்க. பந்தைப் பாருங்க. ஸேம்."

"ஆனா வால்ட்..."

"பதினெட்டு பந்து. பதினெட்டும் ஸேம்."

அவர் எண்ணியிருக்கிறார். இஸ்திரிக்காரர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் பத்து" என்றார்.

அந்தப் பத்தில் ஏழாவதை ரமோன் அடித்தபோது மட்டைச் சத்தமே வேறு மாதிரி இருந்தது, கதவைச் சாத்திய மாதிரி. இடது பக்கச் சுவரைப் பந்து தாண்டியது. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயைக் கீழே விட்டுவிட்டுப் பார்த்தார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடி உடையும் சத்தம், முழுக் கண்ணாடி, நிதானமாக.

செல்வி எழுந்து நின்றாள். "என்ற காருங்க" என்றாள்.

சுவர் நிழலில் நிறுத்தியிருக்கிறாள். அங்கே பந்து விழும், நிறுத்தாதீர்கள் என்று ஆள் உயரத்துக்கு போர்டு உண்டு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு அப்புறம் நிழல்தான் தெரிந்தது, போர்டு தெரியவில்லை என்று பின்னால் சொன்னாள்.

"யார் கார்?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார்.

"பந்து போட்டவனோட சம்சாரத்தோடது" என்றார் வால்ட்.

வந்ததிலிருந்து சிரிக்காத இஸ்திரிக்காரர் அப்போது சிரித்தார். சுவரைப் பார்த்தார், தூரத்தை மனதில் அளந்தார், நோட்டில் ஏதோ எழுதினார், போனை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார். ரமோன் மட்டையைக் கீழே வைக்காமல் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். போன் முடிந்து திரும்பி வந்தவர் ரமோனிடம் பேசவில்லை. வால்ட்டிடம், "இவன் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ரமோன் ஓடி வந்து என்னைத் தூக்கினார். வீங்கின தொடையைப் பிடித்துத் தூக்கினார்.

அன்று சாயங்காலம் லாக்கரைக் காலி செய்தவர் அந்த இன்னொருவர், இரண்டாவது பேஸில் நின்று பந்து தடுத்தவர். இரண்டு வருடம் அவருக்கும் எறிந்திருக்கிறேன். அமைதியான மனிதர். அவருக்குக் காலையில் வேறு ஆள் எறிந்தார். நானே எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில நாள் நினைத்துப் பார்ப்பேன். அங்கே இருந்ததாகச் சொல்லும் அத்தனை பேரில் ஒருவரும் அவரைப் பற்றிக் கேட்டதில்லை.

மடக்கி எறிவது எனக்குத் திரும்பி வரவே இல்லை. அடுத்த பத்து வருடமும் கை மடக்காமல்தான் போட்டேன். வலையை உயரமாக, வெட்டு நடுவில் வரும்படி வெல்டிங் பண்ணி வால்ட்டே கொண்டுவந்தார். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எதிர் அணிக்காரர்கள் சீக்கிரமே வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வீடியோ எடுப்பார்கள். எனக்கு அது ஒரு புதுக் கவலை.

ரமோன் அந்த சீசன் முழுக்க இருந்தார், ரொம்பப் பிரமாதமாக ஒன்றும் அடிக்கவில்லை. அடுத்த சீசனில் மூன்றாவது படி வரை ஏறினார், பிறகு மெக்ஸிகோ லீகில் ஆறு வருடம். பெரிய அணிக்குப் போகவே இல்லை. அம்மா வீட்டுக்குக் கூரை போட்டார், அதன் போட்டோவும் எனக்கு வந்தது. இப்போது மான்டெரேயில் டயர் கடை. போன மாதம் கடை போட்டோ அனுப்பினார், வாசலில் அவரும் இரண்டு வேலையாட்களும்.

செல்வி என் கையிலிருந்து போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கடை பெருசாத்தான இருக்குது. கேளுங்க."

"எப்படிக் கேக்கறது, இத்தனை வருஷம் கழிச்சு?"

"என்ற காரு கண்ணாடி உடைஞ்சதாலதான அந்த ஆளு சிரிச்சான்? கேளுங்க."

நியாயம்தான். டைப் பண்ணினேன். அழித்தேன். வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டு அனுப்பினேன். நன்றாகப் போகிறது என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. கணக்கு மட்டும் இங்கே இருக்கட்டும். முன் கண்ணாடி மாற்றியது முந்நூற்று நாற்பது டாலர். முழுவதும் நான் தருகிறேன் என்று அன்றைக்கே ரமோன் தன் அம்மா மேல் சத்தியம் பண்ணினார். முதல் சம்பளத்தில் இருபது கொடுத்தார். இரண்டாவது சம்பளத்தில் இருபது கொடுத்தார். ரமோன் செல்விக்கு இன்னும் தர வேண்டியது முந்நூறு டாலர்.